பழி பேட்டரிக்கா, ஆல்டர்நேட்டருக்கா?

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். உங்கள் பழைய காரின் செல்ஃப் மோட்டார் ‘டிக்’ என்று ஓசையிட்டு நின்றுவிடுகிறது. எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், “பேட்டரி போயிடுச்சுங்க, புதுசு மாத்திப் போடுங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். சில ஆயிரம் ரூபாய் செலவில் புதிய பேட்டரி வருகிறது. சில நாட்களில் மீண்டும் அதே ‘டிக்’! ஏன்?

காரமடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டார் நீரை இறைத்துக் குழாய் வழியே தொட்டியில் விடுகிறது. தொட்டி வறண்டுவிட்டால், அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோமா? மோட்டார் ஓடுகிறதா, குழாயில் அடைப்பா, எங்காவது கசிவா என்றுதானே பார்ப்போம்! காரில் பேட்டரிதான் தொட்டி, ஆல்டர்நேட்டர் மோட்டார், வயர்கள் குழாய். குறை எதில் என்று அறிய ஒரு மல்டிமீட்டரும், பள்ளியில் படித்த ஓம் விதியும் போதும்.

ஆல்டர்நேட்டர் இயங்கும் விதம்

1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. இயந்திரம் பெல்ட் மூலம் ஒரு மின்காந்தத்தைச் சுழற்றுகிறது. அதற்கு வேண்டிய மின்னோட்டம் இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியே செல்கிறது. சுற்றியுள்ள கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. பேட்டரிக்குத் தேவை நேர்மின்சாரம். ஆகவே டையோடுகள் அதனை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும் அல்லவா? மின்காந்தத்திற்குச் செல்லும் மின்னோட்டத்தைக் குறைத்து, ஏறத்தாழ 14 வோல்ட்டில் நிறுத்துவது ரெகுலேட்டரின் வேலை.

பேட்டரி 12 வோல்ட். பிறகு 14 எதற்கு? மேட்டிலிருந்து பள்ளத்திற்குத்தான் நீர் பாயும். பேட்டரிக்குள் மின்சாரம் செல்ல, அனுப்பும் பக்கம் அழுத்தம் கூடுதலாக இருந்தாக வேண்டும். அந்நாளைய அம்பாஸடர், ஃபியட் கார்களில் இருந்த டைனமோ, இயந்திரம் மெதுவாக ஓடும்போது இந்த அழுத்தத்தை எட்டாது. அத்தகைய காரில் வேகத்தைக் கூட்டியே அளக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு சொல்லும் செய்தி

டாஷ்போர்டிலுள்ள சிவப்பு விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியுடனும், மறுமுனை ஆல்டர்நேட்டருடனும் இணைந்துள்ளது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரியும். இயந்திரம் ஓடி மின்சாரம் உண்டானதும் இரு முனைகளிலும் ஒரே அழுத்தம். சமநிலையடைந்த வீட்ஸ்டன் பாலத்தின் கால்வனாமீட்டர் போல, விளக்கில் மின்னோட்டம் நின்று அது அணைகிறது. ஓடும்போதும் எரிந்தால் உற்பத்தி இல்லை என்று பொருள். சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால், பல்பு போயிருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

அளந்து பாருங்கள்

முதலில், இரவெல்லாம் நின்ற காரின் பேட்டரியை அளவுங்கள். அதில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் சுமார் 2.1 வோல்ட். எனவே 12.6 காட்டினால் முழுமை, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி.

அடுத்து, வேட்டி, துண்டு, தாவணி நுனி பெல்ட்டில் சிக்காதபடி ஒதுக்கிக்கொண்டு, இயந்திரத்தை மிதமான வேகத்தில் ஓடவிட்டு அளவுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் நலம். 12லேயே நின்றால், இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கினால் தளர்ச்சி. பெல்ட் சரியென்றால் பிரஷ், ரெகுலேட்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். 15க்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது. பேட்டரி நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வற்றும். அருகில் தீக்குச்சி கிழிக்காதீர்கள்!

மூன்றாவதாக, முன்விளக்குகளை எரியவிட்டு, ஆல்டர்நேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளவுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். முனையில் பூத்த வெண்பச்சைப் பொடியால் 0.05 ஓம் தடை ஏற்பட்டால் என்ன ஆகும்? 20 ஆம்பியர் பாயும்போது 20 × 0.05 = 1 வோல்ட் வழியிலேயே போய்விடும்! மருந்து, வெந்நீரும் கம்பி பிரஷ்ஷும்தான். எர்த் இணைப்பையும் இவ்வாறே சோதியுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் கசிவைத் தேடுங்கள். டையோடு கிணற்றின் ஃபுட் வால்வைப் போன்றது. அது பழுதானால் மின்சாரம் பின்னோக்கி வடியும். கசிவும் இல்லையென்றால் மட்டுமே பழி பேட்டரியைச் சேரும்.

ஓர் எச்சரிக்கை. இயந்திரம் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்நேட்டரில் அவ்வாறு செய்தால் அழுத்தம் திடீரென எகிறி, டையோடுகளும் ரெகுலேட்டரும் கருகிவிடலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இரவில் மலையேறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 வாட் முன்விளக்குகள் இரண்டுக்கு மட்டும் 10 ஆம்பியர் வேண்டும். பெட்ரோல் காரில் தீப்பொறிக்கும் மின்சாரம் தேவை. ஆல்டர்நேட்டர் நின்றுவிட்டால், பாதி நிறைந்த 40 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல்தான் தாங்கும். விளக்கு அதற்கு முன்பே மங்கும். கொண்டை ஊசி வளைவில் அது நேர வேண்டுமா? சிவப்பு விளக்கு எரிந்தால் மலையடிவாரத்திலேயே நிறுத்துங்கள். அளந்து பாருங்கள், பிறகு செலவு செய்யுங்கள்.