கழுத்தின் உச்சி மூட்டு தளர்ந்தால்

சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறும். நடை தள்ளாடும். குனிந்தால் முதுகில் சுரீரென்று மின்னதிர்ச்சி இறங்கும். குடியாத்தத்தில் யாராவது இப்படிச் சொன்னால், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று தைலம் தடவி நாளைக் கடத்திவிடாதீர்கள். கோளாறு கழுத்தின் உச்சியில் இருக்கலாம்.

மண்டையோட்டைத் தாங்கும் முதல் எலும்பு அட்லஸ், அதற்கடுத்தது ஆக்சிஸ். திரிகையின் நடுமுளையைச் சுற்றி மேல்கல் சுழல்வதுபோல, ஆக்சிஸின் முளையைச் சுற்றி அட்லஸ் சுழல்கிறது. நாம் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. முளையை இடம் பெயராமல் பிடித்திருப்பது ஒரு குறுக்கு நார். அது தளர்ந்தாலோ, முளை ஒடிந்தாலோ அட்லஸ் முன்னே சரியும். பின்னாலிருக்கும் தண்டுவடம் நசுங்கும். கை, கால், மூச்சு மூன்றும் பாதிக்கப்படலாம்.

பிறவிக் குறை, முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், காசநோய், விபத்து ஆகியவை முக்கியக் காரணங்கள். குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுப்பார்கள். முளைக்கும் அட்லஸுக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டரையும் குழந்தைகளுக்கு 5 மில்லிமீட்டரையும் தாண்டினால் தளர்ச்சி என்று சந்தேகிப்பார்கள். தண்டுவடத்தின் நிலையை எம்.ஆர்.ஐ. காட்டும்.

காசநோயால் வந்தது பலருக்கு மருந்திலும் கழுத்துப் பட்டையிலுமே குணமாகும். தண்டுவடம் நசுங்கும் நிலையில் இரு எலும்புகளையும் இணைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும். முன்பு கம்பியால் கட்டினார்கள். மும்பை மருத்துவர் அதுல் கோயல் தகடும் ஸ்க்ரூவும் கொண்டு இறுக்கும் முறையை 1994இல் வெளியிட்டார்; ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001இல் அதை ஸ்க்ரூவும் ராடுமாக மாற்றி அமைத்தார். இன்று உலகெங்கும் அது கோயல்–ஹார்ம்ஸ் முறை. பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து இடையில் வைப்பார்கள். சில மாதங்களில் இரண்டும் ஒன்றாகக் கூடிவிடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் பக்கத்திலேயே ஓடுவதால், இது தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலை.

சிகிச்சைக்குப் பின் தலையைத் திருப்புவது பாதியாகக் குறையும். பின்னால் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். நெடுநாள் நசுங்கிய தண்டுவடம் முழுதாக மீளாமலும் போகலாம். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறோம்.

தூரமும் இல்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். மேலே சொன்ன அறிகுறி இருந்தால், முடிதிருத்தும் கடையிலோ வேறெங்கோ கழுத்தில் சொடக்கு எடுக்க விடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.