கறியில் பதிந்த ஊர்

2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட ஒரு சோதனை முடிவு ஐரோப்பாவையே உலுக்கியது. மாட்டிறைச்சி பர்கர் என்று விற்றவற்றில் குதிரைக் கறி கலந்திருந்தது. ஒரு மாதிரியில் 29 சதவீதம். காட்டிக்கொடுத்தது டிஎன்ஏ. ஆனால் மாடா குதிரையா என்பதோடு டிஎன்ஏ நின்றுவிடும். அந்த மாடு எந்த நாட்டில் மேய்ந்தது என்று அதற்குத் தெரியாது.

அதைக் கேட்க வேண்டியது ஐசோடோப்புகளிடம். ஒரே தனிமத்தின் கனமான, லேசான அணுக்கள் இவை. கடலில் எழும் மேகம் உள்நாட்டுக்கு நகர நகர, கனமான ஆக்சிஜன் கொண்ட நீர் முந்திக்கொண்டு மழையாகக் கொட்டிவிடும். அதனால் கரையோர மழையும் மலைநாட்டு மழையும் ஒன்றல்ல. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஆட்டின் தசையிலும் அந்த வேறுபாடு படிகிறது. கடற்காற்று படும் மேய்ச்சல் நிலத்தில் கனமான கந்தகம் கூடும். மக்காச்சோளத்திலும் வெப்பமண்டலப் புற்களிலும் கனமான கார்பன் அதிகம். பிரேசில் மாட்டிறைச்சியையும் அயர்லாந்து மாட்டிறைச்சியையும் பிரித்தறிய முடிவது இதனால்தான்.

சோதனைக்குச் சிறு துண்டு கறி போதும். கொழுப்பை நீக்கி, உறையவைத்து உலர்த்தி, மாவாகப் பொடிக்கிறார்கள். அதில் ஒரு மில்லிகிராம் போல எடுத்து, மிளகளவு வெள்ளீயக் குப்பியில் இட்டு, இடுக்கியால் மடித்து நசுக்கி, சுமார் 1,000 டிகிரி உலைக்குள் விடுகிறார்கள். கண நேரத்தில் எரிந்து வாயுவாகிவிடும். அதன் மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவது நிறை நிறமாலைமானி.

வேல்ஸ் மலைச்சரிவுகளில் வளரும் ஆட்டுக்குட்டிக் கறிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயருக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது, கூடவே போலியும் முளைக்கிறது. வேறு நாட்டுக் கறியில் வேல்ஸ் சீட்டை ஒட்டினால் இந்தச் சோதனையில் மாட்ட வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லைக்கு இருபுறமும் ஒரே மழை, ஒரே பாறை. அந்தப் பக்கத்து இங்கிலாந்துப் பண்ணையைப் பிரித்துக் காட்டுவது கடினம். இறக்குமதித் தீவனமும் கார்பன் கணக்கைக் குழப்பும். கருவி தானாக ஊர்ப்பெயர் சொல்லாது. உண்மையான வேல்ஸ் கறியின் அளவுகளோடு ஒப்பிட்டு, பொருந்துகிறது அல்லது பொருந்தவில்லை என்றே சொல்லும்.

ஆகவே உயிர்நாடி ஒப்பீட்டு மாதிரிகள்தான். மழையும் தீவனமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். ஒயினுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 1991 முதலே அதிகாரபூர்வமான ஐசோடோப்புத் தரவு வங்கி நடத்துகிறது. இறைச்சிக்கும் அப்படியொன்று வேண்டும். தனியார் நிறுவனங்களின் பூட்டிய தரவுகளை நம்பியிருக்காமல், எந்த அரசு ஆய்வகமும் எடுத்து ஒப்பிடும்படி அது பொதுவில் இருக்க வேண்டும்.