அச்சாணி போல ஒரு பின்
பழைய மொபெட்டுக்கு வீட்டிலேயே இன்ஜின் வேலை பார்க்கும் வணிகர்கள் கவனத்திற்கு

அருப்புக்கோட்டை பஜாரில் காலை நேரத்தில் சற்று நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி, பந்தல்குடி பக்கத்துக் கிராமங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் சரக்கு எடுக்க வருவது லாரியில் அல்ல; மொபெட்டில்தான். கால் வைக்கும் இடத்தில் சீனி மூட்டை, பின்னால் எண்ணெய் டின், இரு பக்கமும் தொங்கும் பைகள். இவ்வளவையும் சுமந்து கொண்டு, கருவேல மரங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் அந்தச் சின்ன வண்டி ஓடுகிறது. 1980-ல் ஓசூரில் தயாராகி வெளிவந்த டி.வி.எஸ். 50, நமது கிராமத்து மளிகை வியாபாரத்தின் முதுகெலும்பாக ஆனது என்று சொன்னால் அது மிகையாகாது.

2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்து விட்டது. ஆயினும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை இன்னும் விடாமல் வைத்திருப்போர் நம்மில் உண்டு. காரணம் பாசம் மட்டுமல்ல. நம்முடையது மானாவாரி பூமி. மழை பெய்து, மிளகாயும் மல்லியும் பருத்தியும் விளைந்தால்தான் சம்சாரி கையில் பணம் புரளும். அப்போதுதான் கடன் நோட்டில் இருப்பது வசூலாகும். மழை பொய்த்த வருஷத்தில் புது வண்டிக்கு எங்கே போவது? எனவே கடையின் பின்கட்டிலோ வீட்டு முற்றத்திலோ சாக்கை விரித்து, தெரிந்த பையன் ஒருவனை உதவிக்கு வைத்துக் கொண்டு, நாமே இன்ஜினைப் பிரித்து விடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்த வேலையில் ஒரே ஓர் இடத்தில் அவசரப்பட்டால், மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு கை விட்டுப் போகும். பிஸ்டன் பின்னைக் கழற்றி மாட்டும் இடம்தான் அது.

எங்கள் கடையில் நடந்தது

அது ஒரு பங்குனி மாதம். வத்தல் வரத்து மிகுந்து, ஊர் ஊராக வசூலுக்கும் சரக்குக்கும் அலைய வேண்டிய நேரம். வண்டியில் 'டக் டக்' என்று சத்தம் வந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம். பின் வெளியே வர மறுத்தது. கைக்கு அகப்பட்ட இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் நான்கு போடு போட்டோம், வந்து விட்டது. மாட்டும்போது பழைய லாக்கையே திரும்பப் போட்டோம். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தோம்.

மூன்றாவது வாரம், சுமையோடு வரும் வழியில் வண்டி நின்றது. பழைய லாக் கழன்று, பின் ஒரு பக்கமாக நகர்ந்து, போரின் சுவரில் ஆழமாகக் கோடு கிழித்திருந்தது. பட்டறையில் பிரித்துப் பார்த்த மூத்த மெக்கானிக் ராடைக் காட்டினார். அது லேசாக வளைந்திருந்தது. "அண்ணாச்சி, நீங்க அடிச்ச அடி பின்னுக்குப் போகலை, அம்புட்டும் ராடுக்குத்தான் போயிருக்கு" என்றார். போர், பிஸ்டன், ராடு, பேரிங் என்று செலவு ஏறியது. அதைவிட, வண்டி இல்லாத ஒன்பது நாளில் லைனில் இருந்த சில கடைகள் வேறு ஆளிடம் சரக்கு எடுக்கத் தொடங்கி விட்டன. அவற்றில் இரண்டு கடை இன்று வரை திரும்பி வரவில்லை. வேறு யாருக்கும் இது நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பின் செய்யும் வேலை

பிஸ்டன் போருக்குள் மேலும் கீழும் போய் வருகிறது. அந்த ஓட்டத்தை சக்கரம் சுற்றும் சுழற்சியாக மாற்றுவது கனெக்டிங் ராடு. பிஸ்டனையும் ராடையும் இணைப்பது, விரல் கனம் கூட இல்லாத, நடுவில் துளையுள்ள எஃகுக் குழாய் ஒன்று. அதுவே பிஸ்டன் பின். பட்டறையில் கட்ஜன் பின் என்பார்கள். அது பக்கவாட்டில் நகர்ந்து போரில் உரசாதபடி, பிஸ்டனின் இரு பக்கக் காடியிலும் ஒவ்வொரு கம்பி வளையம் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் லாக் என்கிறோம்.

இன்ஜின் நிமிஷத்திற்கு 5000 சுற்று சுற்றினால், அந்த ஒரு நிமிஷத்தில் பிஸ்டன் 10,000 தடவை நின்று திசை மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்ச்சி பின் வழியாகத்தான் போகிறது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நமது பகுதியில் இது சீக்கிரம் தேய்வதற்குக் காரணங்கள் உண்டு. கரிசல் புழுதி, அதிலும் ஆடிக் காற்றில் பறக்கும் மண், ஏர் பில்டரைச் சுத்தம் செய்யாவிட்டால் நேரே இன்ஜினுக்குள் போகும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயில்தான் பின்னுக்கும் மசகு. அதைக் குறைத்து ஊற்றினால் பின் காய்ந்து ஓடும். அளவுக்கு மேல் சுமையும், சித்திரை வெயிலும் சேர்ந்து விட்டால் கேட்கவே வேண்டாம்.

கழற்றும் முறை

ஹெட்டையும் போரையும் எடுத்தவுடன், கீழே தெரியும் கிராங்க் அறையின் வாயைச் சுத்தமான துணியால் இறுக அடைத்து விட வேண்டும். லாக் தெறித்து உள்ளே விழுந்தால் இன்ஜின் முழுவதையும் பிரிக்க நேரும். பிஸ்டன் தலையில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பெரும்பாலான இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் அது சைலன்சர் பக்கம் பார்க்கும்.

நோஸ் பிளையரால் லாக்கை எடுக்கும்போது மறு கையின் பெருவிரலால் அதை மூடிக் கொள்ள வேண்டும். வில் போல் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. அடுத்து, லாக் இருந்த காடியின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே பிசிறோ கரியோ படிந்திருந்தால் சின்னக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டி எடுங்கள். பல வண்டிகளில் பின் வராமல் அடம் பிடிப்பது இந்தப் பிசிறால்தான்.

இதற்குப் பிறகு பின் கைவிரலால் தள்ளினாலே நகரலாம். நகராவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். வெந்நீரைத் தேடுங்கள்.

வெந்நீர்க் கணக்கு

பிஸ்டன் அலுமினியம்; பின் எஃகு. சூடு ஏறினால் அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பின் துளை 12 மில்லி மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். கொதிக்கும் வெந்நீரில் நனைத்த துணியைப் பிஸ்டனைச் சுற்றிப் போட்டு, அதன் சூடு 65 டிகிரி கூடினால், துளை ஒரு மில்லி மீட்டரில் 100-ல் 2 பங்கு அளவுக்குப் பெரிதாகும். தலைமுடியின் கனத்தில் கால் பங்குதான். ஆனால் இறுக்கமாக நின்ற பின்னை விடுவிக்க அதுவே போதும். சூடு பின்னுக்கும் பரவுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். தாமதித்தால் பின்னும் விரிந்து, கிடைத்த இடைவெளி பாதியாகி விடும்.

தீயை நேராகக் காட்டவே கூடாது. பக்கத்தில் பெட்ரோல் இருக்கும். தீயின் நேர்ச் சூட்டில் அலுமினியமும் கோணும்.

அப்போதும் வராவிட்டால் வீட்டிலேயே ஓர் இழுப்பான் செய்து கொள்ளலாம். பின்னின் துளை வழியாக நீளமான போல்ட் ஒன்றை விடுங்கள். போல்ட்டின் தலைப்பக்கம், பின்னைவிடச் சற்றே சிறிய வாஷர் பின்னின் முனையில் உட்கார வேண்டும். மறு பக்கம், பின்னைவிடப் பெரிய துளையுள்ள குழாய்த் துண்டைத் தோல் வைத்துப் பிஸ்டனில் பொருத்தி, அதன் மேல் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். பின் மெதுவாகக் குழாய்க்குள் வந்து விடும். ராடுக்கு ஒரு சிறு அடி கூட விழாது.

சுத்தியல் ஏன் கூடாது என்றால், ராடு மேலும் கீழும் வரும் விசையைத் தாங்கச் செய்யப்பட்டது; பக்கவாட்டு அடியைத் தாங்க அல்ல. அந்த அடி ராடை வளைக்கும். கீழே உள்ள பெரிய பேரிங்கையும் கெடுக்கும். வளைந்த ராடில் பிஸ்டன் சாய்ந்து ஓடி ஒரு பக்கமே தேயும்.

மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

பின்னைத் துடைத்து, அதன் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி போல் தட்டுப்பட்டால் அது தேய்ந்து விட்டது. நீலம் பாரித்திருந்தால் மசகு இல்லாமல் சூடேறியிருக்கிறது என்று பொருள். ராடின் சிறு முனையில் பேரிங்கையும் பின்னையும் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க, அசைவு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பே. சந்தேகம் வந்தால் பின்னையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. லாக்குகளைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு முறை கழற்றியது குப்பைக்குத்தான். இரண்டும் புதிதாகவே இருக்க வேண்டும்.

உதிரிப் பாகம் வாங்குவதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை செம்பியத்தில் 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டு ஏழு தலைமுறைப் பழக்கமில்லாவிட்டாலும் எழுபது ஆண்டுக்கு மேலாகவே நம் மாநிலத்தில் நல்ல பிஸ்டனும் பின்னும் தயாராகின்றன. கலப்பட மல்லித் தூளைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கும் நாம், விலை மலிவு என்று பெயர் தெரியாத பின்னை வாங்கலாமா? பில்லோடு வாங்குவோம்.

மாட்டும் முறை

முதலில் ஒரு பக்கத்து லாக்கைப் பிஸ்டனை மேசையில் வைத்தே போட்டு விடுங்கள். பின், பேரிங், சிறு முனை மூன்றிலும் 2டி ஆயில் தடவுங்கள். அம்புக்குறியைப் பழைய திசைக்கே வைத்து, தேவையானால் பிஸ்டனை மீண்டும் வெந்நீர்த் துணியால் சூடாக்கிப் பின்னைக் கையால் தள்ளுங்கள். பிறகு மறு பக்கத்து லாக்.

லாக்கின் திறந்த வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால், பிஸ்டன் திசை மாறும் ஒவ்வொரு குலுக்கலிலும் வளையம் சுருங்கிக் காடியை விட்டு வெளியே வரப் பார்க்கும். லாக்கை எடுப்பதற்காகப் பிஸ்டனில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேரே வாய் அமையவும் கூடாது. சிறு திருப்புளியால் தொட்டுப் பார்த்து, வளையம் முழுவதும் காடிக்குள் உட்கார்ந்ததை உறுதி செய்யுங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங்கின் முனைகள் சேரும் இடத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கும். முனைகள் அதன் இரு பக்கமும் சரியாக அமைந்த பிறகே போரை இறக்க வேண்டும். இல்லையேல் ரிங் ஒடியும். அடைத்த துணியை எடுக்க மறந்து விடாதீர்கள்! புதுப் பிஸ்டன் போட்ட வண்டிக்கு முதல் சில நூறு கிலோ மீட்டர் வரை மூட்டை ஏற்றாமல் இருப்பதும் அவசியம்.

எல்லா இன்ஜினும் ஒன்றல்ல

மாவு மில்லுக்கும் கிணற்றுக்கும் டீசல் ஆயில் இன்ஜின் வைத்திருப்போருக்கும் இதே விதிதான். பின் பெரிதாக இருப்பதால் பிஸ்டனையே வெந்நீரில் முக்கி எடுப்பது வழக்கம். 30 மில்லி மீட்டர் துளை அதே சூட்டில் 100-ல் 4 பங்குக்கு மேல் விரியும். ஆனால் சில பெட்ரோல் கார், வேன் இன்ஜின்களில் லாக்கே இருக்காது. பின் ராடிலேயே இறுக்கி அழுத்தப்பட்டிருக்கும். அதற்குப் பிரஸ் வேண்டும். அதை வீட்டில் தொடவே வேண்டாம். பட்டறைக்கு அனுப்பி விடுங்கள்.

முடிவாக, வியாபாரிக்கு உரிய முறையில் கணக்குப் பார்ப்போம். ஒரு பக்கம் இரண்டு புது லாக், ஒரு பானை வெந்நீர், அரை மணி நேரப் பொறுமை. மறு பக்கம் போர், பிஸ்டன், ராடு, பட்டறைக் கூலி. இவற்றோடு வண்டி நின்ற நாட்களின் வியாபாரம். போன பணத்தை அடுத்த அறுவடையில் சம்பாதித்து விடலாம். சரக்கு நேரத்துக்கு வராததால் மனம் மாறிப் போன வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டு வருவது எளிதல்ல. கல்லாப் பெட்டியின் ஓரத்தில் ஒரு ஜோடி புது லாக்கை இன்றே வாங்கிப் போட்டு வைப்போம். சுத்தியலை மட்டும் வெல்லம் உடைக்க வைத்துக் கொள்வோம்.