சான்றிதழுக்கு எத்தனை நாள் கூலி?

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை காலையிலேயே வந்து சேர வேண்டும். அதற்காக இருட்டோடு எழுந்து தோட்டத்துக்குப் போகிறவர்களில் பலர், சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பெண்கள். பறித்த பூவின் எடைக்குத்தான் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் காசில்லை. அந்த வீட்டில் கழுத்து நிற்காத, பேச்சு வராத, தனியே விட முடியாத ஒரு குழந்தை இருந்தால் அந்தத் தாய் என்ன செய்வார்? வேலையை விடுவார். இல்லாவிட்டால் மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைப்பார். இரண்டுமே நம் காலனிகளில் நடப்பவைதான்.

இந்தக் குடும்பங்களுக்கு அரசுத் திட்டங்கள் இல்லையா என்றால், நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு சான்றிதழ், ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு பயணம், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. திட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பது இந்தக் கணக்குதான்.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். நாட்டின் மொத்த மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் எடுத்துப் பார்த்தால் 2.45 விழுக்காடு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் சத்தான உணவு இல்லாமை, பிரசவத்துக்கு முந்தின நாள்வரை காட்டு வேலை, காய்ச்சலுக்கும் மஞ்சள் காமாலைக்கும் தாமதமாகக் கிடைக்கும் மருத்துவம் ஆகியவை யாருடைய வீட்டில் அதிகம் என்பது நமக்குத் தெரியும்.

இதோடு இன்னொரு சுமையும் சேர்கிறது. “போன பிறவியில் செய்த பாவம்” என்று தாயைக் குறை சொல்லும் வழக்கம் ஊரிலும் இருக்கிறது, காலனியிலும் இருக்கிறது. சேரியில் பிறந்ததற்கும் இதே முற்பிறவிக் கணக்கைத்தான் நம் பாட்டன், முப்பாட்டனிடம் சொன்னார்கள். அந்தக் கணக்கை ஏற்க மறுத்த சமூகம், சொந்தத் தெருவில் ஒரு குழந்தையின் மேல் அதே கணக்கை எழுதலாமா? அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பல வீடுகளில் குழந்தையை வெளியே காட்டாமல் வைத்திருக்கிறார்கள். அப்படி மறைத்து வைக்கும் ஆண்டுகள்தான் சிகிச்சை அதிகம் பலன் தரக்கூடிய ஆண்டுகள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, 9 மாதம் முடிந்தும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, அம்மா, அத்தை என்று ஒரு சொல்கூட வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் “அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை பரிசோதித்து, தேவைப்பட்டால் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி போன்றவை அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும்.

என்னென்ன கிடைக்கும்?

முதலில் வேண்டியது தனித்துவ அடையாள அட்டை. யு.டி.ஐ.டி. அட்டை என்று சொல்வது இதைத்தான். ஆதார், புகைப்படம் ஆகியவற்றோடு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவர் பரிசோதித்து ஊனத்தின் அளவை விழுக்காட்டில் குறிப்பார். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா எல்லாம் அதில் அடக்கம். “கைகால் நன்றாகத்தானே இருக்கிறது” என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்தப் பட்டியலைச் சுட்டிக்காட்டலாம்.

அறிவுசார் குறைபாடு 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கும், தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், 75 விழுக்காட்டுக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணம் இல்லை.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தத் திட்டம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை செலவை ஏற்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய். மருத்துவமனையில் படுக்காமல் எடுக்கும் சிகிச்சைக்கும் இதில் இடமுண்டு. இதே சட்டத்தின்படி, பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுதான் அதை வழங்கும். “எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?” என்ற கேள்விக்கு இந்தச் சான்று முழுப் பதில் ஆகிவிடாது. ஆனாலும் பிள்ளை பேரில் இருக்கும் வீட்டையும் பணத்தையும் காக்க இது உதவும்.

பள்ளியைப் பொறுத்தவரை, 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். “இவனைச் சமாளிக்க முடியாது” என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் உண்டு. பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. உயர்கல்வியில் 5 விழுக்காடும் அரசு வேலையில் 4 விழுக்காடும் இட ஒதுக்கீடு இருக்கிறது. நிலம், வீட்டுமனை ஒதுக்கீட்டிலும் 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது என்பது நம் காலனிகளில் அதிகம் பேசப்படாத செய்தி.

வீட்டுக்கே வரும் சிகிச்சை

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படைத் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981-இல் அதைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள எஸ்.சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் வேலை செய்யும் முறையை. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் குழந்தையின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மையத்தில் உள்ள நிபுணர்கள் கைப்பேசிச் செயலி வழியாக வழிகாட்டுகிறார்கள். குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைத்து ஊட்டுவது, கால் இறுகாமல் எப்படி நீவிவிடுவது என்பதைத் தாய் தன் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொள்கிறார். கூலி நாள் வீணாவதில்லை. உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டமும் சேவையை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதையே நோக்கமாகச் சொல்கிறது. அந்த வண்டி மெயின் ரோட்டோடு நின்றுவிடாமல் காலனிக்குள்ளும் வர வேண்டும் என்று கேட்பது நம் பொறுப்பு.

கேட்க வேண்டிய இடங்கள்

கிராமசபையில் சாலை, குடிநீரோடு இதையும் பேச வேண்டும். சான்றிதழ் முகாமை ஒன்றிய அளவில், காலனிக்குப் பக்கத்தில் நடத்தக் கோரித் தீர்மானம் போடலாம். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளியை நியமன உறுப்பினராக வைக்க 2025-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துள்ளது. அந்த உறுப்பினரின் காதுக்கு நம் வீட்டுப் பிள்ளைகளின் தேவை போய்ச்சேர வேண்டும். விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

சட்ட உதவி தேவைப்பட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் என நால்வருமே இருக்கிறார்கள். பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அறிந்தவர்கள் இந்தப் பிரிவையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இப்படிப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், யாரிடம் அட்டை இருக்கிறது, யாரிடம் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம். அடுத்த கிராமசபைக்கு அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். பட்டியலோடு போய்க் கேட்டால், “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.