அபினா, கஞ்சியா?

காவிரிக் கால்வாய்களின் ஜலத்தையே ஜனங்கள் குடித்துவந்த நாட்களில், தஞ்சை ஜில்லாவில் வாந்திபேதி என்றாலே ஊர் நடுங்கும். வசதியுள்ளவர்கள் குளோரோடைன் புட்டியைத் தேடுவார்கள். இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலப் பட்டாள டாக்டர் காலிஸ் பிரௌன் கண்ட மருந்து அது. அபின் சத்தும் கஞ்சாவும் குளோரோபாரமும் கலந்தது.

குடித்தால் வலி அடங்கும். பேதியும் நின்றதுபோல் தோன்றும். ஆனால் அபின் குடலின் அசைவை அடக்குமேயன்றி நோயை அடக்காது. 1959-ல் கல்கத்தா விஞ்ஞானி சம்புநாத் டே இதன் உண்மையை விளக்கினார். காலராக் கிருமிகளை வளர்த்து, அவற்றை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் சிறுகுடலில் செலுத்தினார். கிருமியே இல்லாதபோதும் குடலில் நீர் நிரம்பியது! கிருமி கக்கும் விஷமே உடலின் நீரை இறைத்துவிடுகிறது. மடையை அடைத்தால் வெள்ளம் வடியுமா? அயர்ந்த குடலுக்குள்ளேயே அந்நீர் தேங்கும், உடலோ வறளும்.

இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வதே பரிகாரம். 1971-ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த ஜலத்தால் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார். சர்க்கரைதான் உப்பையும் நீரையும் குடற்சுவர் வழியே உள்ளே அழைத்துச் செல்கிறது. அரிசிக் கஞ்சியின் மாவும் குடலில் சர்க்கரையாகவே மாறுகிறது.

நெல் விளையும் நாட்டுத் தாய்மார்களே! குழந்தைக்குப் பேதி கண்டால் குடலை மயக்கும் மருந்தை நாடாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலையோ, உப்பிட்ட கஞ்சியையோ சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே வைத்தியரிடம் விரையுங்கள்.