மந்தைவெளி மீண்டது!

உங்கள் தெருக்கோடியில் ஒரு மைதானம் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அது ஊருக்குப் பொது. மாடு மேய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மாலையில் பெரியவர்கள் காற்று வாங்குகிறார்கள். ஒரு நாள் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் வருகிறார். "யுத்தம் நடக்கிறது, அம்மா! கொஞ்ச நாளைக்கு இந்த இடம் வேண்டும். முடிந்ததும் கொடுத்து விடுகிறோம்" என்கிறார். யுத்தம் என்று வந்த பிறகு யார் மறுக்க முடியும்? கொடுத்து விடுகிறீர்கள்.

சரி, "கொஞ்ச நாள்" என்றால் எத்தனை நாள்?

இங்கிலாந்தில் ஓர் ஊரில் அது ஏறக்குறைய அறுபது வருஷம் ஆயிற்று. நிலத்தைக் கேட்டது 1941-ல். வேலி அகன்றது 2000-ல்! நடுவில் நடந்த கதையில் ஜெனரல்கள் வருகிறார்கள், ஏவுகணைகள் வருகின்றன, ஒப்பந்தங்கள் வருகின்றன. ஆனால் கதையின் மையத்தில் இருப்பவர்கள் உங்களையும் என்னையும் போன்ற பெண்கள்தான். ஆகவே சற்று உட்கார்ந்து கேளுங்கள்.

மேய்ச்சல் உரிமை

லண்டனுக்கு மேற்கே சுமார் அறுபது மைலில் நியூபரி என்று ஒரு சிறு நகரம். அதன் அருகே உள்ள மேட்டு நிலத்துக்குக் 'கிரீன்ஹாம் காமன்' என்று பெயர். 'காமன்' என்றால் நம் கிராமத்து மந்தைவெளி மாதிரி. நிலம் யார் பேரில் இருந்தாலும், சுற்றியுள்ள சில வீட்டுக்காரர்களுக்கு அங்கே மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை உண்டு. தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை அது. இந்த மாட்டு உரிமையை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய வேலை செய்யப் போகிறது!

இரண்டாவது உலக யுத்தத்தின்போது இந்த வெளியை எடுத்துக் கொண்டு விமானத் தளம் அமைத்தார்கள். 1944-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி மாலை, நேசநாட்டுப் படைகளின் தலைவர் ஐசனோவர் இங்கே வந்தார். பாரசூட்டில் குதிக்கப் போகும் அமெரிக்க வாலிபர்கள், முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு நின்றிருந்தார்கள். பலர் திரும்ப மாட்டார்கள் என்று ஐசனோவருக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அவரோ அந்தப் பையன்களுக்கு நடுவே புகுந்து, "உனக்கு எந்த ஊர் அப்பா?" என்று விசாரித்துக் கொண்டிருந்தார். அன்றிரவே அவர்கள் பிரான்ஸ் மண்ணில் குதித்தார்கள்.

யுத்தம் முடிந்தது. 1946-ல் தளத்தை மூடினார்கள். "அப்பாடா!" என்று ஊரார் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்த மூச்சு முழுசாக வெளிவருவதற்குள், 1951-ல் மறுபடியும் நிலத்தை எடுத்துக் கொண்டார்கள். இப்போது யுத்தம் இல்லை. யுத்தம் வந்து விடுமோ என்ற பயம். அமெரிக்காவின் ராட்சத குண்டு விமானங்கள் இறங்குவதற்காக 10,000 அடி நீளத்துக்குக் கான்கிரீட் ஓடுபாதை போட்டார்கள். புல்லும் புதரும் கான்கிரீட்டுக்கு அடியில் போயின.

அம்மாமார்களின் பாதயாத்திரை

1980-ல் ஓர் அறிவிப்பு வந்தது. அணுகுண்டு தாங்கிய 'குரூஸ்' ஏவுகணைகள் 96-ஐக் கிரீன்ஹாமில் கொண்டு வந்து வைக்கப் போகிறார்களாம். ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவில் விழுந்ததைவிடப் பல மடங்கு நாசம் செய்யக் கூடியது. அவற்றைப் பத்திரப்படுத்த, மண் போர்த்திய பெரிய பெரிய கொட்டகைகள் ஆறு எழும்பின.

இதைக் கேட்டு வேல்ஸ் நாட்டில் சில பெண்களுக்குத் தூக்கம் போயிற்று. 1981 ஆகஸ்டு 27-ந் தேதி கார்டிஃப் நகரிலிருந்து ஒரு சிறு கூட்டம் கிளம்பியது. முக்கால்வாசிப் பேர் பெண்கள். தள்ளுவண்டியில் குழந்தைகள், துணைக்குச் சில ஆண்கள். சுமார் 120 மைல் நடந்து, செப்டம்பர் 5-ந் தேதி கிரீன்ஹாம் வாசலை அடைந்தார்கள். நான்கு பெண்கள் தங்களைச் சங்கிலியால் வேலியோடு பிணைத்துக் கொண்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்த ஏவுகணைகள் வேண்டுமா என்று எங்களோடு பகிரங்கமாக விவாதம் செய்யுங்கள்."

சர்க்கார் வாயைத் திறக்கவில்லை. "அப்படியானால் பதில் வரும் வரை இங்கேயே இருக்கிறோம்" என்று பெண்கள் உட்கார்ந்து விட்டார்கள். ஒரு வாரம் என்று எண்ணியது, பத்தொன்பது வருஷமாக நீண்டது!

சொகுசான வாசமா அது? வளைத்த கிளைகளின் மேல் பிளாஸ்டிக் துணியைப் போர்த்தினால், அதுதான் வீடு. மழை, சேறு, பனி. திறந்த வெளியில் விறகு அடுப்பு. சாமான்களை அள்ளி எறிய அமீனாக்கள் வருவார்கள். அவர்கள் போனதும் பெண்கள் மறுபடி கூடாரம் போடுவார்கள். ஊராரில் பலருக்கே அவர்களைக் கண்டால் ஆகாது. "வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு இங்கே என்ன கூத்து?" என்று ஏசினார்கள். "பிள்ளைகளுக்காகத்தான் வந்தோம்" என்பது பெண்களின் பதில். யார் சொன்னது சரி? அதை உங்களிடமே விட்டு விடுகிறேன்.

வேலியைத் தழுவிய கைகள்

1982 டிசம்பர் 12-ந் தேதியை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தளத்தைச் சுற்றி ஒன்பது மைல் வேலி. "எல்லோரும் கை கோத்து அதை வளைத்து நிற்போம், வாருங்கள்" என்று பெண்கள் கடிதம் எழுதினார்கள். கடிதம் கிடைத்தவள் அதைப் பிரதி எடுத்து மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். டெலிபோனில் உட்கார்ந்து ஊரெல்லாம் அழைக்க ஆபீஸ் ஏது? தபால்காரர்தான் துணை. அன்று வந்து சேர்ந்தவர்கள் சுமார் 30,000 பெண்கள்! வெறுங்கையோடு வரவில்லை. குழந்தையின் சட்டை, பொம்மை, குடும்பப் புகைப்படம் என்று தங்களுக்கு அருமையான பொருளை முள்வேலியில் கட்டினார்கள். பார்த்த உலகம் பிரமித்தது.

மறு மாதம், 1983 புத்தாண்டு விடியலில், 44 பெண்கள் ஏணி வைத்து வேலியைத் தாண்டி, கட்டிக் கொண்டிருந்த ஏவுகணைக் கொட்டகையின் உச்சியில் ஏறிக் கும்மியடிப்பதுபோல் வளைந்து ஆடினார்கள். பலருக்குப் பதினான்கு நாள் சிறைவாசம்.

அப்படியும் அந்த நவம்பரில் ஏவுகணைகள் வந்துதான் விட்டன.

மாடு ஜெயித்தது

இப்போது, ஞாபகத்தில் வைத்துக் கொள்ளச் சொன்னேனே, அந்த மாட்டுக்கு வருவோம். தளத்துக்குள் நுழைவது குற்றம் என்று 1985-ல் ராணுவ இலாகா விதி போட்டது. அந்த விதிப்படி தண்டனை பெற்ற பெண்கள் இருவரின் வழக்கு மேல் கோர்ட்டுகளுக்கு ஏறி, 1990-ல் பிரபுக்கள் சபை வரை போயிற்று. பழைய 1892-ம் வருஷச் சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. பொதுநிலத்தில் மேய்ச்சல் உரிமை உள்ளவர்களைப் பாதிக்கும்படி விதி செய்ய ராணுவ இலாகாவுக்கு அதிகாரம் இல்லை என்றது அந்தச் சட்டம். விதியே செல்லாது என்று தீர்ப்பாயிற்று! அணு ஆயுதத்தின் எதிரே சாதுவான பசுமாடு நின்று ஜெயித்தது என்றால் நம்புவீர்களா?

இதற்குள் உலகமும் மாறிவிட்டது. 1987 டிசம்பர் 8-ந் தேதி அமெரிக்காவின் ரீகனும் ரஷ்யாவின் கோர்பச்சேவும் இந்த ரக ஏவுகணைகளை ஒழிக்க ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். 1991-ல் கடைசி ஏவுகணையும் கிரீன்ஹாமை விட்டுப் போயிற்று. 1992-ல் அமெரிக்கப் படையும் போயிற்று. இது பெண்களால் நடந்ததா, பெரிய மனிதர்களின் பேரத்தால் நடந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அதே ஒப்பந்தத்திலிருந்து 2019-ல் அமெரிக்கா விலகி விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காகிதத்தில் எழுதியது அழியலாம். ஆனால் திரும்பி வந்த நிலம் திரும்பி வந்ததுதான்.

கான்கிரீட்டுக்கு மேலே புல்

படை போன பிறகு அந்த இடத்தை என்ன செய்வது? 1997-ல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அறநிலையம் அமைத்தார்கள். அது 70 லட்சம் பவுனுக்குத் தளத்தை வாங்கியது. கட்டிடங்கள் இருந்த பகுதியைத் தொழிற்பேட்டையாக்கி, அதில் வரும் வாடகை வருமானத்தை அக்கம்பக்கத்துத் தருமங்களுக்குக் கொடுக்கிறது. மிச்சமிருந்த பரந்த வெளியை நகர சபைக்கு விற்றது. விலை என்ன தெரியுமா? ஒரே ஒரு பவுன்!

ஓடுபாதையைப் பெயர்த்து எடுத்தார்கள். லட்சக்கணக்கான டன் கான்கிரீட்! அதில் ஒரு பகுதி நியூபரியைச் சுற்றிச் செல்லும் புதிய சாலைக்கு அடியில் போயிற்று. 2000 ஏப்ரலில் வேலி அகன்று, வெளி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, வந்த நாளிலிருந்து சரியாகப் பத்தொன்பது வருஷம் முடிந்த அன்று, கடைசிப் பெண்களும் கூடாரத்தைக் கலைத்து விட்டு வீடு திரும்பினார்கள். 2002-ல் பழைய மேய்ச்சல் உரிமை பார்லிமெண்டு சட்டமாகவே திரும்பி வந்தது.

இன்று நீங்கள் அங்கே போனால், மஞ்சள் பூக்கும் முட்புதர்களுக்கு நடுவே மாடுகள் அசை போட்டுக் கொண்டிருக்கும். வானம்பாடி பாடும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, வசந்த காலத்தில் நாயை அவிழ்த்து விடாதீர்கள் என்று கேட்டுக் கொள்கிறார்கள். விமானங்களுக்கு உத்தரவு கொடுத்த கோபுரத்தில் இப்போது காப்பி கிடைக்கிறது. பழைய கதைகளும் கிடைக்கின்றன. தூரத்தில், புல் மூடிய அந்த ஆறு கொட்டகைகள் மட்டும் நிற்கின்றன. இடிக்கவில்லை, சரித்திரச் சின்னமாகக் காக்கிறார்கள்.

வீட்டில் இரவல் போன பாத்திரத்தைக் கேட்டு வாங்குவதற்கே நமக்குச் சங்கோசமாக இருக்கிறது. இரவல் போன ஒரு மந்தைவெளியை ஊர் எப்படிக் கேட்டு வாங்கியது, பார்த்தீர்களா? பொதுச் சொத்து திரும்பி வர வேண்டுமானால், "அது எங்களுடையது" என்று யாராவது வாசலில் உட்கார்ந்து சொல்லிக் கொண்டே இருக்க வேண்டும். மழை பெய்தாலும்தான்!