கடை மூடினால் உத்தரவாதமும் மூடுமா?

ஒரு மொத்த வியாபாரி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமது அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்வான்ஸ் கொடுத்தவர் ஒரு பக்கம் அலைவார். சரக்கைக் கடனுக்குக் கொடுத்தவர் ஒரு பக்கம் அலைவார். அவரிடம் பொருள் வாங்கிய வீட்டுக்காரர் என்ன ஆகிறார் என்பதைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. அரிசி, பருப்பு என்றால் வாங்கிய அன்றே கணக்கு முடிந்தது. இருபத்தைந்து ஆண்டு உழைக்க வேண்டிய பொருள் என்றால்? அமெரிக்காவில் கூரை மேல் சோலார் பேனல் போட்ட குடும்பங்கள் பட்ட பாடு இதற்கு நல்ல பாடம்.

பெரிய பெயர், பெரிய சரிவு

சன்பவர் என்பது 1985-ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்வான்சன் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். அமெரிக்க சோலார் தொழிலில் மூத்த பெயர். அங்கே பேனல் போடுபவர்களில் பலர் கடனில் போடுபவர்கள். 2022 மார்ச் முதல் அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. 2023 ஏப்ரலில் கலிபோர்னியாவில் இன்னொரு அடி விழுந்தது. புதிதாகப் பேனல் போடுவோர் மிச்ச மின்சாரத்தை மின் கம்பெனிக்குக் கொடுத்தால் கிடைக்கும் விலை சுமார் முக்கால் பங்கு குறைந்தது. வியாபாரம் படுத்தது.

2024 ஜூலையில் சன்பவர் புதிய வாடகை ஒப்பந்தங்களையும் சரக்கு அனுப்புவதையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 5 அன்று திவால் மனு போட்டது. வியாபாரத்தின் சில பகுதிகளை கம்ப்ளீட் சோலாரியா என்ற கம்பெனி 4.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2025-ல் சன்பவர் என்ற பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. பெயர்ப்பலகை மறுபடி ஏறியது. ஆனால் பழைய கம்பெனி எழுதிக் கொடுத்த உத்தரவாதங்கள் கூடவே வரவில்லை.

வீட்டுக்காரர் தலையில் விழுவது என்ன?

முதலாவது, பாதியில் நின்ற வேலை. பேனல் கூரையில் ஏறிவிட்டது. மின் கம்பெனியின் அனுமதி வரவில்லை. சுவிட்சைப் போட முடியாது. ஆனால் கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம். அதன் தவணை நிற்பதில்லை. இதற்கு அங்கே ஒரு சட்டப் பிடி உண்டு. விற்றவர் மீது வாங்கியவருக்கு உள்ள புகாரை, விற்பனையோடு சேர்த்துக் கடன் கொடுத்தவர் மீதும் சொல்லலாம் என்ற விதி 1976 முதல் நடப்பில் இருக்கிறது. அது தெரிந்தவர் வாதாடுவார். தெரியாதவர் கட்டிக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது, கொடுத்த அட்வான்ஸ். திவால் கணக்கில் நுகர்வோர் முன்பணத்துக்குச் சற்று முன்னுரிமை உண்டு. 2024-ல் அது ஆளுக்கு 3,350 டாலர் வரைதான். மிச்சத்துக்குப் பொதுக் கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, உத்தரவாதம். இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சோலாரில் உத்தரவாதம் ஒன்று அல்ல, மூன்று. பேனலுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. இன்வெர்ட்டருக்கு அதன் தயாரிப்பாளர் பொறுப்பு. கூரையில் துளை போட்டது, வயர் இழுத்தது, மழைத் தண்ணீர் ஒழுகாமல் அடைத்தது ஆகியவற்றுக்குப் பொருத்திய கம்பெனி பொறுப்பு. கம்பெனி போனால் முதல் இரண்டும் நிற்கலாம், மூன்றாவது போய்விடும். பழுதான பேனலுக்குத் தயாரிப்பாளர் புதுப் பேனல் கொடுத்தாலும், அதை ஏற்றி மாட்டும் கூலி பெரும்பாலும் வீட்டுக்காரர் கைக்காசுதான். மற்றவர் செய்த வேலையைத் தொட வேறு கம்பெனிகளும் எளிதில் முன்வருவதில்லை.

வாடகைக்குப் போட்டவர் நிலை வேறு. கம்பெனி போனாலும் ஒப்பந்தம் போகாது, கைமாறும். சன்பவரின் வாடகை வீடுகள் சன்ஸ்ட்ராங் என்ற நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு மாறின. மாத வாடகை யாருக்குக் கட்டுவது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இது ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட சன்னோவாவும் 2025 ஜூனில் திவால் மனு போட்டது.

நிறுத்துவதிலும் முறை உண்டு

எல்.ஜி. நிறுவனமும் 2022-ல் சோலார் பேனல் வியாபாரத்தை விட்டு விலகியது. ஆனால் விற்ற பேனல்களுக்குக் கொடுத்த உத்தரவாதத்தைத் தொடர்ந்து காப்போம் என்று அறிவித்துவிட்டு விலகியது. ஒரு சரக்கை நிறுத்தினார்கள், பேச்சை நிறுத்தவில்லை. வாங்கியவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

நமக்கு என்ன?

நம் அங்கத்தினர் பலரும் வீட்டு மாடியில் சோலார் போட யோசிக்கிறார்கள். 2024-ல் வந்த மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில், மானியம் பெறும் வீட்டில் பொருத்துபவர் 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பேனல் ஆயுளோ 25 ஆண்டு. மிச்ச 20 ஆண்டுக்கு யார் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பேனல், இன்வெர்ட்டர் சீரியல் எண்கள், பில், தயாரிப்பாளரின் உத்தரவாதச் சீட்டு, வயரிங் வரைபடம் எல்லாவற்றையும் உங்கள் பெயரில், உங்கள் கையில் வாங்கி வையுங்கள். வேலை நடக்க நடக்கப் பணம் கொடுங்கள்.

இன்னொன்று விற்பவர்களான நமக்கு. மிக்சியோ, காஸ் அடுப்போ, ஏதோ ஒரு சரக்கைக் கடையில் நிறுத்தும் நாள் நமக்கும் வரும். அன்றைக்குப் பழைய வாடிக்கையாளர் வந்தால் கையை விரிக்காமல், சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்று ஒரு விலாசமாவது எழுதிக் கொடுப்போம். அவர் நம்மிடம் வாங்கியது பொருளை மட்டுமல்ல, நம் வார்த்தையையும்தான்.